சினைப்பைப் புற்றை ஆய்வகத்தில் ஆராய எந்த மாதிரி (மாடல்): செல் லைனா, ஆர்கனாய்டா, எலியா?

சினைப்பைப் புற்றில் அதிக உயிர்களைப் பறிப்பது ஹை-கிரேடு சீரஸ் வகை. 2011-இல் வெளியான டிசிஜிஏ (அமெரிக்கப் புற்று மரபணுத் திட்டம்) ஆய்வில், இந்தக் கட்டிகளில் 96 சதவீதத்தில், புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணு பழுதாகியிருந்தது. அதனால் எந்த மாதிரியை எடுத்தாலும் முதலில் டிபி53-ஐப் பாருங்கள்.

செல் லைன், அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் புற்றுச் செல் வரிசை, மலிவு, வேலையும் வேகம். ஆனால் ஆய்வகங்களில் வழக்கமாகப் புழங்கும் எஸ்கேஓவி3, ஏ2780 இரண்டும் சீரஸ் கட்டியோடு ஒத்துப்போவதில்லை என்று 2013-இல் மரபணு ஒப்பீடே காட்டிவிட்டது. ஏ2780-இல் டிபி53 பழுதே இல்லை! செல் லைன்தான் வேண்டுமென்றால் குராமோச்சி, ஓவிசாஹோ எடுங்கள். வளர நாளாகும், பொறுத்துக்கொள்ளலாம்.

ஆர்கனாய்டு, அதாவது நோயாளியின் செல்களை ஜெல்லுக்குள் வளர்த்தெடுக்கும் குட்டித் திசு, அந்த நோயாளியின் கட்டிக்கு நெருக்கமானது. 2019-இல் நெதர்லாந்துக் குழு 32 நோயாளிகளிடமிருந்து 56 ஆர்கனாய்டு வரிசைகளை வளர்த்தது. கட்டியை ஐஸில் கொண்டுவந்து, 1 முதல் 3 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, திசுவைப் பிரிக்கும் நொதியான கொலாஜினேஸில் 37 டிகிரியில் கரைத்து, 100 மைக்ரான் வலையில் வடிகட்ட வேண்டும். தனிச் செல்கள் சாகாதிருக்க ஒய்-27632 என்ற வேதிப்பொருளை 10 மைக்ரோமோலார் சேர்ப்பார்கள். பிறகு, செல்கள் வளர இடம்தரும் மேட்ரிஜெல் என்ற ஜெல்லில் கலந்து தட்டில் சொட்டாக விட வேண்டும். மேட்ரிஜெல் ஐஸை விட்டு வெளியே வந்தால் பைப்பெட் முனையிலேயே கெட்டியாகிவிடும், முனைகளையும் குளிரவைத்துக்கொள்ளுங்கள். தட்டு மட்டும் முன்பே 37 டிகிரியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் சொட்டு பரந்துவிடும்.

பெரும்பாலும் சொதப்புவது ஊடகத்தில், அதாவது செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலில்தான். சீரஸ் புற்று பெரும்பாலும் தொடங்குவது ஃபெலோப்பியன் குழாயில் (கருக்குழாய்). அந்தக் குழாயின் நல்ல செல்கள் வளர விண்ட் என்ற சமிக்ஞைப் புரதம் வேண்டும். சீரஸ் புற்றோ விண்ட் குறைந்த, பிஎம்பி என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதம் சேர்ந்த ஊடகத்தில்தான் நெடுநாள் நிலைக்கிறது என்று 2020-இல் பெர்லின் குழு காட்டியது. விண்ட் நிறைந்த ஊடகத்தையே ஊற்றினால் உருண்டை உருண்டையாக அழகாக வளர்வது நல்ல செல்லாகவே இருக்கலாம். வடிவத்தை நம்பாதீர்கள், மூலக் கட்டியின் டிபி53 பிறழ்வு ஆர்கனாய்டிலும் இருக்கிறதா என்று டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பாருங்கள். நட்லின்-3 என்ற வேதிப்பொருளைப் போட்டும் சோதிக்கலாம்: பி53 (டிபி53 மரபணு தரும் புரதம்) ஒழுங்காக உள்ள செல்களின் வளர்ச்சி நின்றுவிடும்.

நோயாளியின் கட்டித் துண்டை எலிக்குள் வைத்தால், அது வளர மாதக்கணக்காகும். அதற்குள் நோயாளியின் சிகிச்சையே மாறியிருக்கும். இதற்குப் பயன்படும் என்எஸ்ஜி வகை எலிக்கு நோயெதிர்ப்பு இல்லாததால், நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சையான இம்யூனோதெரபியை அதில் அப்படியே சோதிக்க முடியாது. எலியிலிருந்து எலிக்குச் சில தலைமுறை மாற்றியதும் கட்டியைச் சுற்றியுள்ள மனிதத் திசு மறைந்து எலியின் திசு வந்துவிடும். கட்டிக்குள் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தைச் சோதிப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல். ரத்தக்குழாயே இல்லாத ஆர்கனாய்டில் அந்த மருந்துக்கு வேலையில்லை, எலிதான் வேண்டும். ஆனால் மருந்து பிடிப்பது, ரத்தக்குழாயை வளரத் தூண்டும் புரதமான விஇஜிஎஃப்-இல் மனிதனுடையதை. எலித்திசு சுரப்பதை அநேகமாகத் தொடாது. கட்டி சுருங்கவில்லை என்றால், மருந்தைக் குறை சொல்லுமுன் அந்த விஇஜிஎஃப் யாருடையது என்று அளந்து பாருங்கள்.