கலைப்பதா, கடனை ஏற்பதா? அயர்லாந்தின் இரண்டு கப்பல் கம்பெனிகள்

இரண்டுமே அயர்லாந்து அரசின் கம்பெனிகள். ஒன்று, உலகப்போர் நடுவே நாட்டுக்குச் சரக்கு கொண்டுவர 1941ல் தொடங்கிய ஐரிஷ் ஷிப்பிங். இன்னொன்று, பிரிட்டனுக்குப் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச்சென்ற பி அண்ட் ஐ. அரசு அதை 1965ல் வாங்கியது.

ஐரிஷ் ஷிப்பிங்கைக் கவிழ்த்தது கடல் அல்ல, காகிதம். வெளிநாட்டுக் கப்பல்களை அதிக வாடகைக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு எடுத்தார்கள். அப்புறம் சந்தையில் வாடகை சரிந்தது. 1984 நவம்பரில் அரசு கைவிரித்தது, கம்பெனியைக் கலைக்க விட்டது. சட்டப்படி அதில் தப்பில்லை: வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனியில் பங்குதாரரின் பொறுப்பு போட்ட முதலோடு சரி, பங்குதாரர் அரசாகவே இருந்தாலும். ஒப்பந்தச் சுமை வரி கட்டுபவர் தலையில் விழவில்லை. விழுந்தது ஊழியர்கள் தலையில். கம்பெனியின் 'ஐரிஷ் ஸ்ப்ரூஸ்' கப்பல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் முடங்கியது. மாலுமிகள் மாதக்கணக்கில் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பி அண்ட் ஐயும் நஷ்டத்தில்தான் ஓடியது. ஆனால் அரசு பணம் போட்டுக்கொண்டே இருந்தது, கடைசியில் 1992ல் தனியாருக்கு விற்றது. பொதுப்பணம் கரைந்தது, கப்பல்கள் நிற்கவில்லை.

என்னைக் கேட்டால், அந்த வாடகைக் கடனை அரசு சுமக்காதது சரிதான். சம்பளக் கணக்கு வேறு. 'அரசு கம்பெனி' என்று நம்பி வேலைக்குச் சேர்ந்தவரிடம் பங்குதாரர் சட்டத்தைக் காட்டியது கொஞ்சம் கூச்சமில்லாத வேலை.