ஒரே அறையா, தெருவா: சிறு புக்கிகளின் கதைக்கு எது பொருந்தும்?

சட்டவிரோதமாகப் பந்தயம் பிடிக்கும் சிறு புக்கிகளைப் பற்றிக் குறைந்த செலவில் நகைச்சுவை கலந்த குற்றப்படம் எடுப்பவர், கதையை ஒரே அறைக்குள் நடத்தலாம். அல்லது வசூலுக்கு அலையும் ஆட்களோடு தெருவுக்குப் போகலாம். தெருக்காட்சிகள் பரபரப்பைத் தரும் என்றாலும், அனுமதி, கூட்டம், வெளிச்சம் என ஒவ்வொன்றும் செலவை ஏற்றிவிடும். அறையோ இத்தொழிலின் கணக்கையே நாடகமாக்குகிறது: சமபலமுள்ள இரு அணிகள் மோதும்போது, 100 வெல்ல 110 கட்டச் சொல்லும் புக்கிக்கு இரு பக்கமும் சமமாகப் பணம் சேர்ந்தால், பக்கத்துக்கு 110 என வாங்கிய 220-இல், வென்றவருக்குத் தரும் 210 போக 10 மிஞ்சும், எல்லாரும் ஒரே அணியின்மீது கட்டிவிட்டாலோ, அதிகப்படியைப் பெரிய புக்கியிடம் தள்ளிவிட அவர் தொலைபேசியை எடுக்கும்வரை வியர்த்துக்கொண்டிருக்க வேண்டும். துரத்தல் காட்சி ஒன்றுகூட இல்லாமற்போனாலும் நான் அறையையே தேர்ந்தெடுப்பேன். வசூலிக்கப் போனவன் கடன்பட்டவனுக்கு இரக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பும் ஒரு காட்சிக்கு மட்டும் தெருவை வைத்துக்கொள்ளலாம்.