எம்பெக் கார் பிளேயரில் எஸ்எஸ்டி: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எம்பெக் பிளேயரின் ஹார்ட் டிஸ்க்கை மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி வரை போடலாம்?" என்றுதான். பழைய டிஸ்க்கோடு பல ஆண்டுகளும், சுழலும் பாகமே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியோடு பல ஆண்டுகளும் இதை ஓட்டியவன் நான். என்னைக் கேட்டால் கொள்ளளவு இரண்டாம் பட்சம். சுழலும் தட்டைப் பெட்டியிலிருந்து வெளியேற்றியதில்தான் ஆதாயமே இருக்கிறது.

இந்தக் கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். ஐபாட் பிறப்பதற்கு முன்பே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஹியூகோ ஃபைன்ஸும் கூட்டாளிகளும் தொடங்கிய சிறு நிறுவனம் 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்பி3 பிளேயர் இது. கார் ஸ்டீரியோ பொருந்தும் பள்ளத்தில் உட்காரும். உள்ளே லினக்ஸ் ஓடும் 220 மெகாஹெர்ட்ஸ் ஸ்டிராங்ஆர்ம் செயலியும், லேப்டாப்புக்கான 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்றோ இரண்டோ இருக்கும். 2000-இல் சோனிக்புளூ நிறுவனம் அதை வாங்கி 'ரியோ கார்' என்று பெயர் மாற்றியது; மறு ஆண்டே உற்பத்தி நின்றுபோனது. பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையர் கிடையாது, தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். தொடுதிரை கிடையாது, புளூடூத் கிடையாது. ஆனாலும் அந்தக் குமிழைத் திருப்பிப் பழகிய விரல் வேறெதற்கும் எளிதில் வளைவதில்லை.

டிஸ்க் ஏன் தேய்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள இதன் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். மார்க் 2 மாடலில் இருப்பது 12 எம்பி. ஜிபி அல்ல, எம்பிதான். அதிலும் ஒரு பங்கை லினக்ஸும் பிளேயர் மென்பொருளும் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்தில் அடுத்து ஒலிக்க வேண்டிய பாட்டை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு டிஸ்க்கை நிறுத்திவிடும். அந்தக் காலத்து 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்பிதான் கேட்கும். ஆறு எம்பி இடம் கிடைத்தால் ஆறு நிமிடம் டிஸ்க்குக்கு ஓய்வு. மிக அழகான ஏற்பாடு. ஆனால் நாம் அங்கேயே நிற்கவில்லையே! 320 கேபிபிஎஸ் என்றால் அதே ஆறு எம்பி இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இறுதி வடிவம் பெறாமலேயே நின்றுபோன 3.0 ஆல்பா மென்பொருளைப் போட்டு, ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் கோப்புகளைக் கேட்கத் தொடங்கினால் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும். வைத்திருக்கும் பாட்டின் தரம் உயர உயர, டிஸ்க் உறங்கும் நேரம் குறைகிறது. என் காரில் மெதுவான வீணைத் தானம் ஓடும்போது, சிக்னலில் நிற்கையில், 'ங்ஙீ' என்று அது சுழன்று எழுவது தெளிவாகக் கேட்கும்.

அடுத்த எதிரி வெப்பம். சாதாரண லேப்டாப் டிஸ்க்குகளின் விவரத் தாளில் 5 முதல் 55 டிகிரி வரை இயக்கலாம் என்று போட்டிருக்கும். இங்கிலாந்தில் ஜனவரிக் காலையில் கார் அந்தக் கீழ் எல்லைக்குக் கீழே இருக்கும். ஜூலையில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேல் எல்லையை நெருங்கும். ஹீட்டர் குழாய் பக்கத்தில் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

சாலைப் பள்ளங்களைப் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். என் கணக்கில் டிஸ்க்கை அதிகம் வதைத்தது சாலை அல்ல, வீடு. திருட்டுக்குப் பயந்து இந்தப் பிளேயரைக் கைப்பிடியோடு உருவி எடுத்து வரும்படி அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் செருகும்போது ஓர் இடி, சமையலறை மேசையில் வைக்கும்போது ஓர் இடி. என் பழைய டிஸ்க் கடைசி மாதங்களில் சில பாடல்களின் நடுவில் திக்கியது. பிறகு குளிர்ந்த காலைகளில் எழவே மறுத்தது.

மாற்றாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. பழைய டிஸ்க்குகளின் இணைப்பு முறையான ஐடிஇ மொழியை அது நேரடியாகப் பேசும் என்பதால் அடாப்டர் என்பது வெறும் கம்பி இணைப்புதான். மற்றொன்று, எம்சாட்டா என்ற சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி. அதற்கு மொழிபெயர்க்கும் சில்லு உள்ள அடாப்டர் வேண்டும். ஜிபிக்கு ஜிபி மலிவு என்பதால் இரண்டாவதை எடுத்தேன். முதலில் வந்த அடாப்டர் பாதி நேரம் பிளேயரின் கண்ணுக்கே தெரியாமல் போனது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வேறு சில்லு உள்ள ஒன்றை வாங்கியதும் சிக்கல் தீர்ந்தது. ஆகவே இரண்டு வகை அடாப்டர்களை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். விலை பெரிதல்ல, காத்திருப்பதுதான் எரிச்சல்.

பெட்டியைத் திறந்ததும் கவனிக்க வேண்டியது 44 பின் இணைப்பு. இரண்டு வரிசை, பின்னுக்குப் பின் 2 மில்லிமீட்டர், மின்சாரமும் அதே வழியில்தான். டிஸ்க்கில் 44 பின்னை அடுத்து ஒரு சிறு இடைவெளி விட்டு, மாஸ்டரா ஸ்லேவா (முதல் டிஸ்க்கா, இரண்டாவதா) என்று தேர்ந்தெடுக்கும் நான்கு பின்கள் இருக்கும். கேபிளின் முனையை அந்தப் பக்கம் ஒரு பின் தள்ளிச் செருகவும் முடியும். மலிவு அடாப்டர்களில் தடுப்புப் பல்லும் இருக்காது. கேபிளின் நிறமிட்ட ஓரத்தை ஒன்றாம் எண் பின்னோடு பொருத்தி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். கேபிளின் மடிப்பையும் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் வெப்பத்தில் மடிந்தே கிடந்த ரிப்பன் அது. டிஸ்க் இல்லை என்று திரை சொன்னால், டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

மென்பொருள் வேலை பழைய பாணி. வீட்டில் 12 வோல்ட் அடாப்டரில் பிளேயரை ஓடவிட்டு, சீரியல் கேபிள் வழியாக 'பில்டர்' என்ற கோப்பை ஏற்ற வேண்டும். அது புதிய டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மட் செய்யும். பிறகு பிளேயர் மென்பொருளை அதே வழியில் ஏற்றுவது. இன்றைய லேப்டாப்பில் சீரியல் வாசல் ஏது? யுஎஸ்பி மாற்றி தேவை. அப்படியே கனடாவின் மார்க் லார்டு எழுதிய ஹைஜாக் கர்னலையும் (பிளேயரின் லினக்ஸ் மையத்தை மாற்றியமைத்த வடிவம்) போட்டுவிடுங்கள். லினக்ஸ் உலகில் டிஸ்க் அமைப்புகளை மாற்ற உதவும் ஹெச்டிபார்ம் கருவியை எழுதியவர் அவரேதான்.

நான் எடுத்தது 120 ஜிபி. பழைய ஐடிஇ டிஸ்க்கில் இடத்தைக் குறிக்கும் 28 பிட் முகவரியின் எல்லை 137 ஜிபி. அதற்குக் கீழே இருந்துவிட்டால் தலைவலி இல்லை. பெரிதாகப் போடுவதில் இன்னொரு தொல்லை, நிரப்புவது. ஈதர்நெட் 10 மெகாபிட் மட்டுமே. நொடிக்கு ஒரு எம்பி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 100 ஜிபி ஏற ஒரு நாளைத் தாண்டும். எஸ்எஸ்டியின் வேகத்தால் இங்கே ஒரு பயனும் இல்லை. டிஸ்க்கின் பகிர்வு (பார்ட்டிஷன்) பெரிதானால் கோப்பு முறைமைச் சோதனைக்கு இந்த 12 எம்பி போதாது. டிஸ்க்கின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும் ஸ்வாப்பை இயக்கிவிட்டுத்தான் நடத்த வேண்டும். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு கூடுதல் வேலையும் உண்டு. திரையின் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் இட முடியும். இளையராஜா ஒருவரே என் பட்டியலில் நான்கு எழுத்துக்கோவைகளில் நான்கு பேராக இருந்தார். அவரை ஒருவராக்க ஒரு வார இறுதி முழுதும் போயிற்று.

ஆண்டுகள் போன பிறகு சொல்ல மீதமிருப்பது கொஞ்சம்தான். ஃப்ளாக் கோப்பானாலும் திக்கல் இல்லை, உறுமல் இல்லை. பெட்டியின் மேல்பக்கம் முன்போல் கையைச் சுடுவதில்லை. அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை பழைய லினக்ஸ் 2.2 கர்னலுக்குத் தெரியாதே என்று அஞ்சியதும் வீண். பாட்டுப் பகிர்வைப் பிளேயர் படிப்பதற்கு மட்டுமே திறக்கிறது, புதிய பாட்டு ஏற்றும்போதுதான் எழுதுகிறது. இந்த அளவு எழுத்தால் எஸ்எஸ்டி சாகாது. தொடங்கும் நேரம் ஓரிரு நொடிதான் குறைந்தது. அதை எதிர்பார்த்து மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும்.

பழைய டிஸ்க் இன்னும் நன்றாக ஓடுகிறது, கேட்பதெல்லாம் 128 கேபிபிஎஸ்தான் என்றால் அவசரப்பட வேண்டாம். கேபிளை மட்டும் புதிதாக்குங்கள். என் பிளேயரில் அடுத்த வேலை திரைக்குத்தான். ஒளிர்வு மங்கிக்கொண்டே வருகிறது, பகல் வெயிலில் பாட்டின் பெயரைப் படிக்க முடியவில்லை. அதற்கு மாற்று கிடைப்பது டிஸ்க்கைப் போல எளிதாக இல்லை.