வேர் இருக்கு, பிடிமானம் இல்லை

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலை. ரெண்டு பக்கமும் எனக்கு ஒரே வேலைதான், ரப்பர் தோட்டத்தில் மூடு பறிப்பது, அதாவது மரத்தின் அடிக்கட்டையை வேரோடு எடுப்பது. 25, 30 வருஷம் பால் வெட்டி ஓய்ந்த மரத்தை வியாபாரி அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மண்ணோடு நிற்கிற மூட்டை ஜேசிபி வைத்துப் பெயர்த்துப் போடுவது என் பாடு. 11 வருஷமாக இதே பிழைப்பு. அதனால் கட்டம் கட்டமாக உலகம் கட்டுகிற மைன்கிராப்ட் கணினி விளையாட்டில், மரத்துக்கு வேர் வைக்கிற மாட் (விளையாட்டோடு சேர்த்துப் போடுகிற கூடுதல் நிரல்) ஒன்று வந்திருக்கிறது என்று அக்கா மகன் சொன்னதும், சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

எட்டாம் வகுப்பு படிக்கிறான். முதன்முதலில் அவன் அந்த விளையாட்டைக் காட்டிய அன்றைக்கே நான் சிரித்துவிட்டேன். மரத்தின் அடிக்கட்டையை மட்டும் வெட்டி எடுத்தான். மேலே மரம் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. "மக்கா, இது என்ன மரம்? மூடே இல்லியே" என்றேன். தோண்டிக் காட்டினான், கீழே வெறும் மண். 2011இல் வெளிவந்த விளையாட்டு. ஓக், பிர்ச், ஸ்ப்ரூஸ் எல்லாம் இன்றைக்கும் மண்ணில் குத்திவைத்த கம்புதான்.

வேரே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2021இல் வந்த 1.17, 1.18 பதிப்புகளில் அசேலியா மரத்துக்குக் கீழே வேர் ஓடிய மண் வைத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டே நேராகத் தோண்டினால் பாசி படர்ந்த பச்சைக் குகையில் போய் விழலாம். மருமகன் குகை கண்டுபிடிப்பதே அப்படித்தான். மறுவருஷம் 1.19இல் கண்டல் மரம் வந்தது. பூவாற்றில் படகில் போனால் பார்ப்போமே, தண்ணிக்கு மேலே கால் விரித்து நிற்கிற வேர், ஏறக்குறைய அதே சாயல். மற்ற மரங்களுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குறைக்குத்தான் இந்த மாட்.

கணினியில் ஓடுகிற ஜாவா பதிப்புக்கு மட்டும்தான் இது. போனில் விளையாடுகிறவர்கள் ஆசைப்பட வேண்டாம். போட்டுவிட்டு ரெண்டு நாள் ஏமாந்தோம். அவனுடைய பழைய உலகத்தில் எங்கே தோண்டினாலும் வேரைக் காணோம். ஏற்கெனவே உருவாகிவிட்ட நிலத்தை மாட் தொடாது. இதுவரை கால் வைக்காத இடத்துக்கு நடந்து போனால் அங்கே புதிதாக உருவாகிற மரத்துக்கு வேர் இருக்கும், இல்லையென்றால் நாமே ஒரு கன்று நட்டு வளர்க்க வேண்டும். இதை முதலிலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். அடர்ந்த காட்டுக்குள் போனால் எங்கள் லேப்டாப் திக்குகிறது, அது லேப்டாப்பின் வயசு.

சரி, வேருக்கு வருவோம். இந்த விளையாட்டில் ஒரு கட்டம் என்பது ஒரு மீட்டர். முழுக் கட்டத்தில் வேர் வைத்தால் ஒவ்வொரு வேரும் மீட்டர் தடிமன் இருக்கும், பார்க்கச் சகிக்காது. செய்த ஆள் அதை யோசித்திருக்கிறார். மூட்டுப் பக்கம் புடைத்துத் தொடங்குகிற வேர் ஒவ்வொரு கட்டத்துக்கும் மெலிந்து, கடைசியில் விரல் தடிமனுக்கு வந்து நிற்கிறது. ஒரு ஓக் மரத்தைச் சுற்றி மண்ணை வாரிப் பார்த்தேன். பக்கவேர் ஆறு கட்டம் தள்ளிப் போயிருந்தது, அதுவும் மேல்மண்ணை விட்டு இறங்காமல். இந்த இடத்தில் அவருக்கு ஒரு கும்பிடு. மேலே எவ்வளவு மரமோ கீழே அவ்வளவு வேர் என்று படித்தவர்களே சொல்வார்கள். ஜேசிபி பக்கெட்டைக் குத்தினவனுக்குத் தெரியும், வேரில் பெரும்பங்கு மேலே ரெண்டடி மண்ணுக்குள்தான் கிடக்கும், கிளை விரிந்த நிழலையும் தாண்டி ஓடும்.

வேரை வெட்ட மண்வெட்டி உதவாது, கோடாலியை எடுக்க வேண்டும். மண்ணுக்கு ஒன்று, வேருக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்ததில் பையன் கடுப்பாகிவிட்டான். "மாமா, அரை மணிக்கூர் ஆச்சு, இன்னும் ஒரு குழி முடியல்ல." எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது குறுக்கே அயனி மரத்து வேர் கிடந்தால் எனக்கும் இதே கதிதான்.

ஆனால் எல்லா மரத்துக்கும் ஒரே அச்சு. நடுவில் ஏழு கட்டத்துக்கு நேர்க்குத்தாக ஒரு ஆணிவேர், சுற்றிலும் பக்கவேர். எங்கள் ஊரில் தென்னையைப் பறித்துப் பார்க்கட்டும். ஆணிவேர் என்ற பேச்சே கிடையாது, பென்சில் தடிமனில் ஆயிரக்கணக்கில் சல்லிவேர்தான் மூட்டிலிருந்து இறங்கும். ரப்பருக்கு ஆணிவேர் உண்டு, அதுவும் எப்போதும் நேராக இருக்காது. நாற்றுப் பையிலேயே அதிக நாள் கிடந்த கன்றாக இருந்தால் வேர் பையின் அடியில் சுருண்டு, நட்ட பிறகும் அந்தச் சுருள் மாறாது. காற்றில் சாய்ந்த மரத்தின் மூட்டைப் புரட்டிப் பார்த்தால் பன்றிவால் மாதிரி ஒரு முறுக்கு இருக்கும். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. கல் தட்டுப்பட்டதும் இந்த மாட்டில் வேர் அரிவாளால் அறுத்த மாதிரி அங்கேயே முடிந்துபோகிறது. நிஜத்தில் வெட்டுக்கல் வந்தால் வேர் திரும்பும், கல்லின் மேலேயே படுத்து ஓடும், சந்து கிடைத்த இடத்தில் தலையை நுழைக்கும்.

பிறகு ஒரு சோதனை வைத்தேன். நாங்கள் முழு மரத்தைச் சாய்க்கும்போது, எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்து வேரை முதலில் அறுப்போம். பிறகு பக்கெட்டை உயரத்தில் கொடுத்து மெதுவாக ஒரு தள்ளு. மண்ணுக்குள்ளே இருந்து 'மடக்'கென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவோம். விளையாட்டிலும் அதே வரிசையில் எதிர்ப்பக்கத்து வேர், இந்தப்பக்கத்து வேர், கடைசியில் ஆணிவேர் என்று ஒன்று விடாமல் அறுத்தேன். அடிமண்ணையும் வாரிவிட்டேன். மரம் அசையவில்லை, பழையபடி அந்தரத்தில் நிற்கிறது. மருமகன் சிரிக்கிறான். இவ்வளவு பொறுமையாக வேரைச் செய்தவர் அதற்கு ஒரு வேலை கொடுக்காமல் விட்டுவிட்டார். மரத்தைத் தாங்குகிற வேர் வேண்டுமென்றால் இது காணாது. தோண்டுகிறவனுக்கு முட்டுக்கட்டையும் பார்வைக்கு அழகும் போதுமென்றால் தாராளமாகப் போடலாம். காசு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பையன் நாலரை கொடுக்கச் சொல்கிறான்.

அவன் கணக்கில் அது நியாயம்தான். போன வாரம் விளையாட்டில் அவன் கட்டிய வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு ஓக் கன்று நடப் போனான். "மக்கா, பத்துக் கட்டம் தள்ளி வை" என்றேன். கேட்கவில்லை. கன்று மரமானதும் பலகைத் தரையையும் கல் சுவரையும் வேர் தொடவில்லை, அவன் பலகை போடாமல் விட்டிருந்த அடுக்களை மூலையில் மட்டும் மண்ணைப் பிளந்துகொண்டு கை தடிமனில் ஒன்று எட்டிப் பார்த்தது. "மாமா, வேர் வந்துட்டு, வீட்டுக்குள்ள வேர் வந்துட்டு" என்று கூவினான். வெட்டச் சொன்னால் மாட்டேன் என்கிறான். அதன் பக்கத்தில் ஒரு விளக்கும் வைத்திருக்கிறான்.