நீலக் கப்புக்குள் உட்கார்ந்திருந்த பன்னிக்குட்டி

வளர்ந்தாலும் குட்டியாகவே இருக்கும் என்று சொல்லி விற்கும் 'டீகப் பிக்' பன்றிக்குட்டியை வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் வில்லிவாக்கத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஆறாவது படிக்கும் மகளுக்கு நாய் முடி பட்டால் இளைப்பு வரும். 'முடி கொட்டாது, குரைக்காது, பத்து கிலோவுக்கு மேல் வளராது' என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் வீடியோ போட்டிருந்தார். நீல டீ கப்புக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு குட்டி. மகள் விழுந்துவிட்டாள். சரி, நானும்தான். "பன்னிய எவனாவது காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டாருவானாடா?" என்று அம்மா கேட்டதற்கு, அது வேறு இனம் என்று நான் பாடம் எடுத்தேன்.

28,000 ரூபாய். பாதி ஜிபேயில் முன்பணம், மீதி கையில். வீட்டு விலாசம் தரவில்லை. மாதவரம் ரவுண்டானா பக்கம் பைக்கில் வந்து, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல அனுப்புறேன் சார்" என்றார். அது இன்றுவரை வரவில்லை. குட்டி மூன்று கிலோ இருந்தது, மூன்று மாதம் ஆகிவிட்டது என்றார். காது ஓரத்தில் கத்தரியால் வெட்டினாற்போல இரண்டு முக்கோண வெட்டுகள். கேட்டேன். "இம்போர்ட் மார்க் சார்."

மகள் போண்டா என்று பேர் வைத்தாள்.

சாப்பாட்டுக்குக் கணக்கு சொல்லியிருந்தார்: காலையில் கால் டம்ளர் ஓட்ஸ் கஞ்சி, சாயங்காலம் இரண்டு துண்டு கேரட். அதற்கு மேல் கொடுத்தால் 'சைஸ் கெட்டுடும்'. நாங்கள் அதை மருந்துச் சீட்டு மாதிரி கடைப்பிடித்தோம். போண்டா ராத்திரியெல்லாம் வீறிட்டது. மூக்காலேயே ஃபிரிட்ஜைத் திறக்கப் பழகியது, துப்பட்டாவால் கட்டி வைத்தோம். துளசித் தொட்டி மண்ணைக் கிளறித் தின்றது. சேட்டை என்று வீடியோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பத்து வாரத்தில் பதினோரு கிலோ. அவருக்குப் போன் போட்டால், "ஓவரா ஃபீட் பண்றீங்க சார், பாதியா குறைங்க." அதன் பிறகுதான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் முதலில் தொட்டுப் பார்த்தது விலா எலும்பை. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையாக ஒப்பித்தேன். "பட்டினி போட்டிருக்கீங்க" என்றார். காதைத் திருப்பிப் பார்த்தவர், பண்ணைகளில் எந்த ஈற்று, எத்தனையாவது குட்டி என்று தெரிவதற்காக வெட்டும் அடையாளம் அது என்றார். வாங்கும்போது அதற்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்காதாம், பால்குடி மறக்காத நோஞ்சான் குட்டி. எங்கள் போண்டா கறிக்கு வளர்க்கும் வெண்பன்றி, லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர். ஒழுங்காகத் தின்றால் எட்டு மாதத்தில் தொண்ணூறு, நூறு கிலோ வரும். முழு வளர்ச்சியில் இருநூறைத் தாண்டும்.

அப்போ நிஜ மினி பிக் எங்கே கிடைக்கும் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். 'டீகப்' என்று ஒரு இனமே கிடையாதாம். வியட்நாமியப் பானை வயிற்றுப் பன்றி வளர்ந்தால் நாற்பதிலிருந்து எழுபது கிலோ, சமயத்தில் அதற்கும் மேல். ஜெர்மனியில் 1960களில் ஆய்வகத்துக்காக உருவாக்கிய கோட்டிங்கன் மினி பிக்கே முப்பத்தைந்து, நாற்பது கிலோ வரும். முந்நூறு கிலோ பன்றிக்குப் பக்கத்தில் அது மினி. நம் வீட்டு ஹாலில் இல்லை. "அப்பா அம்மாவையே வீடியோவில் காட்டினாரே" என்றேன். பன்றி ஆறு மாதத்திலேயே சினை பிடித்துவிடும், மூன்று, நாலு வருஷம் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பெற்றோர் என்று காட்டியவையே வளராத குட்டிகளாக இருக்கலாம் என்றார். அதனால் யாராவது ஆசை காட்டினால், மூன்று வயது தாண்டிய தாயைத் தராசில் நிறுத்தி நேரில் காட்டச் சொல்லுங்கள். பன்றிக்குப் போட்ட பன்றிக் காய்ச்சல் (ஸ்வைன் ஃபீவர்) தடுப்பூசிச் சீட்டையும் கேளுங்கள். அதிலேயே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து வயிறாரப் போட்டோம். மே மாதத்தில் நாற்பத்தைந்து கிலோ. பன்றிக்கு நம்மைப் போல வியர்க்காது. சேறோ தண்ணீரோ இருந்தால்தான் உடம்பு தணியும். கத்திரி வெயிலில் எங்கள் ஒரே பாத்ரூம் போண்டாவுக்குப் போய்விட்டது. கீழ்வீட்டுக்காரர் 1913க்குப் போன் போட்டு மாநகராட்சியை வரவழைக்கிறேன் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தலைக்கு மேலேதானே விடியவிடியக் குளம்புச் சத்தம்.

ஊத்துக்கோட்டை பக்கம் மச்சானுக்குத் தெரிந்தவர் தோப்பில் இப்போது இருக்கிறது. கறிக்குத் தரக்கூடாது என்ற பேச்சின் பேரில் மாதா மாதம் தீவனக் காசு அனுப்புகிறேன். மகள் ஞாயிறுதோறும் போகலாம் என்கிறாள். மாதம் ஒரு தடவைதான் முடிகிறது.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பில் இல்லை, பேர் தெரியாது, ஜிபே நம்பர் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் புகார் கொடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் மாட்டியிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்து கொடுக்கலாம்.

அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பேர் மாறிவிட்டது. நேற்று மகள்தான் கண்டுபிடித்துக் காட்டினாள். புதுக் குட்டி, 35,000 ரூபாய், அதே நீலக் கப். கைப்பிடியில் சின்னதாக ஒரு விரிசல் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.