தோட்டா மாறினால் எது தாங்கும்: ஜி3-யா, ஃபாலா?

எஃப்.என். ஃபால் பெல்ஜியத்துத் துப்பாக்கி, ஜி3 மேற்கு ஜெர்மனியுடையது. இரண்டும் சுடுவது ஒரே 7.62×51 மி.மீ. நேட்டோ தோட்டா (முதல் எண் குண்டின் விட்டம், அடுத்தது கூட்டின் நீளம்). நம் ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய எஸ்.எல்.ஆர். ஃபாலின் உறவுக்காரன், இஷாப்பூரில் செய்தது. ஜி3-யோ எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானின் வாஹ் தொழிற்சாலையில் தயாரானது. எடை, தூரம், உதை என்று இவற்றை ஒப்பிட்டு நிறையவே எழுதியாகிவிட்டது. வேறு காலிபருக்கு, அதாவது வேறு அளவுத் தோட்டாவுக்கு மாற்றப் போனால் எது வளைந்து கொடுக்கும், எது முரண்டு பிடிக்கும் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

இரண்டுமே முதலில் 7.62 நேட்டோவுக்காகப் பிறந்தவை அல்ல. ஃபாலின் முதல் மாதிரி ஜெர்மானிய 7.92×33 குர்ட்ஸ் என்ற குட்டைத் தோட்டாவைச் சுட்டது. பிறகு பிரிட்டனின் .280 தோட்டாவுக்கு மாறியது. ஜி3-யின் மூதாதை, ஜெர்மன் நிறுவனமான மௌசரின் எஸ்.டி.ஜி.45 துப்பாக்கியும் அதே குர்ட்ஸ் தோட்டாவுக்கானதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மௌசர் பொறியாளர் லுட்விக் ஃபோர்கிரிம்லர் பிரான்ஸ் போய், அங்கிருந்து ஸ்பெயினின் செட்மே நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே 7.92×40 என்ற விசித்திரமான தோட்டாவோடு வேலை நடந்தது. 1954-இல் நேட்டோ 7.62×51-ஐப் பொதுவாக்கியதும் இரு துப்பாக்கிகளும் அந்தப் பெரிய தோட்டாவுக்கு ஏற்ப மாற வேண்டியதாயிற்று.

மேற்கு ஜெர்மனி முதலில் வாங்கியது ஃபாலைத்தான், ஜி1 என்ற பெயரில். சொந்த நாட்டில் தயாரிக்க உரிமம் கேட்டபோது பெல்ஜியம் கொடுக்கவில்லை. அதனால் செட்மே வடிவமைப்பு ஹெக்லர் அண்ட் கோக் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கைக்குப் போய், 1959-இல் ஜி3 ஆனது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஃபாலில் குழலில் ஒரு சிறு துளை. குண்டு அதைக் கடந்ததும் கொஞ்சம் வாயு அதன் வழியே போய் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டை, அதாவது தோட்டா அறையின் பின்வாயை அடைக்கும் இரும்புத் துண்டை, திறக்கும். அதுவரை போல்ட் நிஜமாகவே பூட்டியிருக்கிறது. எவ்வளவு வாயு போக வேண்டும் என்பதைத் திருகிச் சரிசெய்ய ஒரு ரெகுலேட்டரும் உண்டு. மணலோ, சேறோ, மந்தமான தோட்டாவோ, எது வந்தாலும் அதைக் கொஞ்சம் திருப்பிச் சமாளிக்கலாம்.

ஜி3-யில் வாயுத் துளையும் இல்லை, பிஸ்டனும் இல்லை. போல்ட்டின் தலையில் இரண்டு உருளைகள் பக்கவாட்டுக் குழிகளில் உட்கார்ந்திருக்கும், நடுவில் ஓர் ஆப்பு. சுட்டதும் தோட்டாக் கூடு போல்ட் தலையைப் பின்னால் தள்ள, உருளைகள் உள்ளே நெருக்கும். இரு விரலுக்கிடையே அழுத்திய புளியங்கொட்டை மாதிரி ஆப்பு வழுக்கிப் பின்னால் ஓடும், போல்ட்டைச் சுமக்கும் கனமான கேரியரையும் கூடவே தள்ளிக்கொண்டு. தலை ஒரு பங்கு நகர்வதற்குள் கேரியர் நான்கு பங்கு நகர வேண்டும். அந்தச் சுமைதான் தாமதம். பூட்டு என்று எதுவும் இல்லை.

கூடு நகரத் தொடங்கும்போது அறையில் அழுத்தம் இன்னும் அதிகம். பித்தளை சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் அறைச் சுவரில் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டி, வாயுவைக் கூட்டுக்கு வெளிப்பக்கமும் விடுகிறார்கள். ஜி3 கக்கிய கூட்டைக் கையில் எடுத்தால் கரிய கோடுகள் வரிசையாகத் தெரியும். ஃபால் கக்கிய கூட்டோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

முரண்டு தொடங்குவதும் இங்கேதான். ஆப்பின் கோணம், கேரியரின் எடை, தோட்டாவின் அழுத்தம் மூன்றும் ஒரே கணக்கு. தோட்டாவை மாற்றினால் கணக்கையே மாற்ற வேண்டும். திருகிப் பார்க்க ரெகுலேட்டர் கிடையாது. ஹெக்லர் அண்ட் கோக் விடாமல் முயன்றது: 7.62×39-க்கு எச்.கே.32, 4.6×36-க்கு எச்.கே.36. இரண்டும் பெரிய ராணுவம் எதிலும் இடம் பிடிக்கவில்லை. 5.56-இல் எச்.கே.33 ஓரளவு நன்றாகவே ஓடியது. அதே தோட்டாவில் ஸ்பெயின் செய்த செட்மே எல் நல்ல பெயர் எடுக்காமல், ஹெக்லர் அண்ட் கோக்கின் ஜி36-க்கு இடம் விட்டது. அந்த ஜி36 வாயுவால் இயங்குவது. உருளையை வளர்த்த நிறுவனமே வாயுவுக்கு மாறிவிட்டது என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, நியாயமாகவும் படுகிறது. சுவிஸ்காரர்களும் இதே வழிதான்: 1957-இன் 7.5 மி.மீ. உருளைத் துப்பாக்கியை விட்டுவிட்டு 5.56-இல் வாயுவுக்குப் போனார்கள்.

அப்புறம் விலை. இதில் ஜி3-தான் ஜெயிக்கிறது. அதன் உடல் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. ஃபாலின் உடலோ எஃகைக் கடைந்து எடுத்தது. லட்சக்கணக்கில் வேண்டும், தோட்டா மாறப்போவதில்லை என்றால் ஜி3-யே போதும். தோட்டா இன்னும் முடிவாகவில்லை என்றால் என் ஓட்டு ஃபாலுக்குத்தான்.

உருளைக்கு நன்றாக ஒத்துவந்த ஒரே ஒரு விதிவிலக்கு 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா. இங்கே போட்டி ஃபாலோடு இல்லை, எளிய அமைப்பும் கனத்த போல்ட்டும் கொண்ட ஊஸி வகைச் சிறு இயந்திரத் துப்பாக்கிகளோடு. அவற்றில் தாமதம் முழுக்க போல்ட்டின் எடையிலிருந்து வருகிறது, சுடும்போது அந்தக் கனம் முன்னும் பின்னும் ஓடிக் குறியைக் குலுக்கும். ஹெக்லர் அண்ட் கோக்கின் எம்.பி.5 அதே வேலையை உருளையால் செய்வதால் இலகுவான போல்ட் போதும், போல்ட் முன்னமே மூடியிருக்கும் நிலையிலிருந்தே சுடலாம். 1990-களின் தொடக்கத்தில் இதையே 10 மி.மீ.-க்கும் .40-க்கும் மாற்றினார்கள், எஃப்.பி.ஐ.யும் 10 மி.மீ. ரகத்தை வாங்கியது. ஆனால் நிலைத்து நின்று இன்றும் விற்பது 9 மி.மீ. எம்.பி.5-தான்.