மாற்றாத மதர்போர்டுக்கு 7,800 ரூபாய்: கணினியைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் படிக்கவும்

சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள ஒரு கணினி பழுதுபார்க்கும் கடை, கணினியின் பாகங்களையெல்லாம் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டை, கழற்றக்கூடச் செய்யாமல் மாற்றிவிட்டதாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கியிருக்கிறது. புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால், வீட்டுக் கணினி தானாக அணைந்து எழும் கோளாறோடு கடைக்குப் போகும் எவருக்கும் இதே கதை சொல்லப்படலாம் என்பதால், நடந்ததை விவரமாகப் பதிவு செய்கிறேன்.

கணினி 2020இல் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தியது. ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டும், கேபினெட்டோடு சேர்ந்தே வந்த, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ்ஸும் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) அதில் இருந்தன. மகன் வீடியோ எடிட்டிங் செய்யும்போது, குறிப்பாக முடித்த வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும் (ஒரே கோப்பாக மாற்றிச் சேமிக்கும்) நேரத்தில், திரை சட்டென்று கறுத்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி மீண்டும் தொடங்கும். முதலில் எப்போதாவது நடந்த இது, பிறகு எக்ஸ்போர்ட் கொடுத்தாலே நடக்கும் என்ற நிலைக்கு வந்தது. பிரவுசரையோ வேர்டையோ மட்டும் திறந்து வைத்திருந்தால் நாள் முழுவதும் ஒன்றும் ஆகாது.

கடைக்காரர் ஆள் அனுப்பி சிபியுவை எடுத்துச் சென்றார். வாங்கிய பொருளையும் சொன்ன பழுதையும் குறிக்கும் ஜாப் ஷீட் கேட்டதற்கு, “வாட்ஸ்ஆப்ல போட்டு விடறேன் சார்” என்றார். அது வரவே இல்லை. மறுநாள் மாலை தொலைபேசியில், “போர்டு போயிடுச்சு சார், ரிப்பேர் பண்ணினாலும் நிக்காது, மாத்திடறதுதான் நல்லது” என்று தீர்ப்பு வந்தது. என்ன சோதனை செய்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்டதற்கு, “செக் பண்ணிட்டோம் சார்” என்பதைத் தாண்டி ஒரு சொல்கூட வரவில்லை. மதர்போர்டுக்கு 7,800, வேலைக்கூலி 1,000, விண்டோஸ் போட 800 என மொத்தம் 9,600 ரூபாய் ஆயிற்று. கிடைத்தது ஒரு துண்டுச்சீட்டுதான். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, பில் எண் இல்லை, புதிய போர்டின் மாடல் பெயரும் இல்லை. ‘நன்றாக ஓடுகிறது’ என்பதற்குச் சான்றாக அனுப்பிய வீடியோவில் விண்டோஸ் வால்பேப்பர் மட்டுமே தெரிந்தது. சும்மா இருக்கும்போது இந்தக் கணினி பழுதாக இருந்த காலத்திலும் நன்றாகத்தான் ஓடியது என்பதை அந்த வீடியோ எடுத்தவர் அறியாமல் இருந்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து முதல் முறை எக்ஸ்போர்ட் கொடுத்ததுமே பழைய கதை தொடங்கிவிட்டது. கடைக்குத் தெரிவித்தபோது, இந்த முறை கிராபிக்ஸ் கார்டின் மீது பழி போட்டு, அதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அடுத்த 20,000 ரூபாய்க்கு வழி போடுகிறார்கள் என்பது புரிந்ததும், கேபினெட்டின் பக்கத் தகட்டை நானே திறந்தேன்.

ஒரு மதர்போர்டை மாற்ற வேண்டுமானால், அதில் செருகிய ஒவ்வொரு கேபிளையும் பிடுங்கி, பிராசஸர் மீதுள்ள கூலரைக் கழற்றி, பிராசஸரை எடுத்துப் புதிய போர்டில் வைத்து, பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மறுபடி தடவியாக வேண்டும். என் கணினியிலோ, கூலர் ஃபேனின் இறக்கைகளிலும் அதைச் சுற்றியும் படிந்திருந்த தூசிப் படலம் கை படாமல் அப்படியே இருந்தது. கூலரைப் போர்டோடு பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளின் தலைகளிலும் தூசி கலையவில்லை. போர்டுக்கு மின்சாரம் தரும் 24 முனைக் கேபிளை மற்ற கேபிள்களோடு சேர்த்துக் கட்டி 2020இல் நான் போட்ட கேபிள் டைகளில் ஒன்றுகூட வெட்டப்படவில்லை. கடைசியாக, போர்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த பார்கோடு ஸ்டிக்கரின் சீரியல் எண்ணை, பரண்மேல் வைத்திருந்த பழைய அட்டைப் பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டேன். ஒரு இலக்கமும் மாறவில்லை.

புகைப்படங்களோடு நேரில் சென்று, பழைய போர்டு எங்கே என்று மட்டும் முதலில் கேட்டேன். “ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்” என்றார். பிறகு இரண்டு எண்களையும் காட்டியதும், “மாத்தல சார், அதே போர்டுல சிப் லெவல் சர்வீஸ் பண்ணிருக்கோம்” என்று பேச்சு மாறியது. சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டில் உள்ள சிறு பாகங்களைப் பழுதுபார்ப்பது, அதைச் செய்யவும் போர்டை வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும் என்ற கேள்விக்குப் பதிலாக, முதலாளி இல்லை, நாளை வாருங்கள் என்றார்கள்.

உண்மையான பழுது எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடியவை போதுமானவையாக இருந்தன. முதலில், விண்டோஸின் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். அந்த டிக் இருந்தால், விண்டோஸ் பிழையைக் காட்டும் நீலத்திரை வந்தாலும் அதைப் படிக்கும் முன்பே கணினி மறுபடி தொடங்கிவிடக்கூடும். டிக்கை எடுத்த பிறகு நீலத்திரை நின்று ‘ஸ்டாப் கோட்’ என்ற பிழைக் குறியீட்டைக் காட்டினால், டிரைவர், ரேம், டிஸ்க் என்று தேட வழி கிடைக்கும். நீலத்திரையே வராமல், யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல் அணைந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்வழங்கலை.

என் கணினியில் நீலத்திரை வரவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் ‘கெர்னல் பவர் 41’ பதிவாகியிருந்தது. அதைக் காட்டி ‘இதோ, போர்டு பழுது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி தொடங்கியது என்பதைத் தவிர அந்த எண் எந்தக் காரணத்தையும் சொல்வதில்லை. ஆனால், அதன் விவரப் பகுதியில் ‘பக்செக் கோட்’ என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், பிழையைக் குறித்துவைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். என் பதிவுகள் எல்லாவற்றிலும் பூஜ்யமே இருந்தது. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்த்த வெப்பநிலை அணையும் தருணத்திலும் 70 டிகிரியை ஒட்டியே நின்றது; எனவே சூடும் காரணமில்லை. ரேமை மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருள் ஒரு இரவு முழுவதும் சோதித்து, ஒரு பிழையும் காட்டவில்லை.

மிச்சம் இருந்தது எஸ்எம்பிஎஸ்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும், பயன்படுத்தாத மோலெக்ஸ் (நான்கு வயர்) முனையின் மஞ்சள், கறுப்பு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தபோது, சும்மா இருக்கையில் 11.7 வோல்ட் காட்டியது. எக்ஸ்போர்ட் தொடங்கியதும் 11.1க்குச் சரிந்து, அடுத்த சில நொடிகளில் கணினி அணைந்தது. 12 வோல்ட் லைனுக்கு, இந்த எஸ்எம்பிஎஸ் வந்த காலத்து ஏடிஎக்ஸ் விதி (கணினி மின்வழங்கலுக்கான தர விதி) அனுமதித்தது ஐந்து சதவீத ஏற்ற இறக்கம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறது என்ற சமிக்ஞையை எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிற வயர் வழியாக மதர்போர்டுக்குத் தந்துகொண்டே இருக்கும்; அது நின்றால் போர்டு ரீசெட் ஆகிவிடும். ஆக, என் மதர்போர்டு தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. (மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.) சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய 550 வாட், ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (வெண்கலத் தர மின்திறன் சான்று) எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிய பிறகு, இதுவரை கணினி ஒருமுறைகூட அணையவில்லை.

சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் சீரியல் எண்களை, கடைக்காரர் எதிரிலேயே புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பொருளைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். மாற்றிய பாகத்தின் பழையதைக் கையில் வாங்காமல் பணம் தராதீர்கள். பழுது எந்த வேலையின்போது வருகிறதோ, அதே வேலையைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மின்வழங்கல் கோளாறு போன்றவற்றைக் கடை தன் டிஸ்க்கை மாட்டியே சோதிக்கலாம் என்பதால், முடிந்தால் உங்கள் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் புகைப்படங்களும் வங்கி ஆவணங்களும் அதில்தான் இருக்கின்றன.

பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. முதல்கட்ட ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் கிடைத்ததும், அதுவரை ஊரில் இல்லாத முதலாளி பேசினார். 7,800 ரூபாய் திரும்ப வந்துவிட்டது. செய்யாத வேலைக்கு வாங்கிய கூலியையும் தேவையே இல்லாமல் போட்ட விண்டோஸுக்கான பணத்தையும் தர முடியாது என்கிறார். அந்த 1,800 ரூபாய்க்கும் பில் தராததற்கும் சேர்த்து, புகைப்படங்கள், துண்டுச்சீட்டு, வாட்ஸ்ஆப் உரையாடல் ஆகியவற்றை இணைத்து மாவட்ட ஆணையத்துக்கான மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.